கைராசியும் பசையும்

புதிதாகச் சுருட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இலையைப் பற்றிப் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாத்தளையில் எந்தத் தேத்தண்ணீர்க் கடையில் போய் உட்கார்ந்தாலும் கலேவெலை இலை நல்லதா, தும்பறை இலை நல்லதா என்று யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். பசையைப் பற்றிப் பேசத்தான் ஆள் கிடையாது. சுருட்டு நன்றாக இருந்தால் இலைக்குப் பாராட்டு. அவிழ்ந்துபோனால் சுற்றினவளுக்குத் திட்டு. நடுவில் இருக்கும் பசையை யாரும் கண்டுகொள்வதில்லை.

நான் கண்டுகொண்டவள். அலுவிகாரையில் வீட்டில் இருந்தபடியே சுருட்டுச் சுற்றிப் பிழைத்தேன். எங்கள் பக்கத்தில் சுருட்டுச் சுற்றிய வீடுகளுக்கெல்லாம் பசை காய்ச்சிக் கொடுத்ததும் நான்தான். அதனால் 'பசையக்கா' என்று பெயரே விழுந்துவிட்டது. கண் மங்கி, விரல்கள் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான் பலகையை மூலையில் சாத்தினேன். கோபம் மட்டும் இன்னும் மங்கவில்லை. ஆகவே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டைப் பிடிக்கச் சொல்லி நான் யாரையும் கூப்பிடவில்லை. என் புருஷனையே வீட்டுக்குள் பிடிக்க விடமாட்டேன். ஆனால் ஒருத்தர் வாயில் வைக்கப்போகிற பொருளை நாம் செய்கிறோம். அது நினைவில் இருந்தால் பாதித் தொழில் தெரிந்த மாதிரி.

சோற்றுப் பசை, மரவள்ளி மாப் பசை, விளாம்பிசின், வில்வப் பழத்துக்குள் கொட்டையைச் சுற்றி இருக்கும் கோந்து என்று பலதையும் நான் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். விளாம்பிசின் பளபளவென்று நன்றாகத்தான் காயும். வெயில் ஏறினால் மடிப்பில் வெடிப்பு விடும். மரவள்ளி மழைக்காலத்தில் நம்பிக்கையானது, ஆனால் கட்டி விழாமல் காய்ச்சப் பொறுமை வேண்டும். சோற்றுப் பசைக்கு நிகர் இல்லை என்பேன், உப்புப் போடாத சோறாக இருந்தால். உப்புப் போட்ட சோற்றைப் பிசைந்து ஒட்டிவிட்டு, மழை நாளில் மடிப்பு ஈரமாகிறது என்று அழுதுகொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உப்புக்குக் காற்றில் உள்ள ஈரத்தைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற பழக்கம் உண்டு. மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்புப் போத்தலைத் திறந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

எதைக் காய்ச்சினாலும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் பலகைக்குக் கொண்டுபோகாதீர்கள். இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. நகரத்தில் இலை வியாபாரம் பார்த்த ஒரு முஸ்லிம் பெரியவர், நானா என்றுதான் கூப்பிடுவோம், எங்களுக்கு இலை கொடுத்து, சுற்றிய சுருட்டை வாங்கிக்கொண்டு போவார். ஒருமுறை எங்கள் கூட்டத்தில் ஒருத்தி அவசரத்துக்குக் கடையில் விற்கிற போத்தல் கோந்தை வைத்து ஒட்டிவிட்டாள். பார்வைக்கு ஒரு குறையும் கிடையாது, மடிப்பே தெரியவில்லை. நானா அதில் ஒன்றை எடுத்தார். பற்றவைக்கவில்லை. நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார், துப்பினார், முழுக் கட்டையும் அவள் பக்கமே தள்ளி வைத்தார்.

"தங்கச்சி, இத ஒங்கட மாப்பிள்ளைக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளை என்று அவர் சொன்னது புருஷனை.

அவ்வளவுதான். திட்டவில்லை, விலையைக் குறைக்கவில்லை. அவள் அத்தனையையும் பிரித்துத் திரும்பச் சுற்றினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பசை அடுப்பிலிருந்து இறங்கியதும் முதலில் என் நாக்குக்குத்தான் போகும். என் புருஷன் கேலி செய்வார், குழம்புக்குக் கூட இவள் இவ்வளவு ருசி பார்த்தது இல்லை என்று.

சரி, இவ்வளவும் எந்த அனுபவசாலியும் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். நான் சொல்ல வந்தது வேறு. பசை பிழைக்கிற நாளில் பழி பசைமேல் விழாது. ஒரு மனுஷிமேல்தான் விழும். அந்த நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

நான் பலகையைச் சாத்துவதற்கு முந்தின வருஷம் அது நடந்தது. இரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற வழியில் ஒரு தோட்டம் இருக்கிறது. தேயிலை மலைக்கு நடுவில் பெரிய மரத்தடியில் முனியாண்டி கோயில். வருஷத் திருவிழாவில் சாமிக்குக் கிடாய் உண்டு, சேவல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக முழ நீளத்தில், மணிக்கட்டுப் பருமனில் ஒரு சுருட்டு உண்டு. உச்சிப் பூசையில் பூசாரிமேல் சாமி இறங்கும்போது அந்தச் சுருட்டைப் பற்றவைத்துக் கையில் கொடுப்பார்கள். அதன் சாம்பல்தான் அன்றைக்குத் திருநீறு. அதைச் சுற்றிக் கொடுப்பது காலங்காலமாக எங்கள் அலுவிகாரைக் கூட்டத்தின் பொறுப்பு.

அந்தச் சுருட்டை வீட்டில் சுற்றிக் கொண்டுபோகக் கூடாது. இலையை நாங்கள் பதப்படுத்திக் கொண்டுபோவோம். அன்று காலையில் சாமி முன்னால் உட்கார்ந்து சுற்ற வேண்டும். வீட்டுப் பசையும் ஆகாது. விடியற்காலையில் சாமிக்கு வைக்கிற முதல் பொங்கலில் ஒரு பிடி எடுத்து அரைத்து, துணியில் வடிகட்டி, அதைத்தான் பசையாகக் கொடுப்பார்கள். கோயில் தலைவர் வீட்டில்தான் அந்த வேலை நடக்கும். எங்கள் கைக்குக் கிண்ணத்தில் வாழையிலை மூடி வரும்.

சுற்றுகிறவள் புஷ்பம். எங்கள் கூட்டத்தில் முழ நீளச் சுருட்டை முறுக்கு விழாமல், வயிறு பெருக்காமல் சுற்றத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என்னைவிட மிகவும் இளையவள், ஆனால் அந்த வேலையில் நான் அவளுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. வருஷா வருஷம் அவள் சுற்றுவாள், நான் இலை எடுத்துக் கொடுப்பேன். முந்தின திருவிழா முடிந்து சில மாதத்தில் அவளுடைய புருஷன் வேன் விபத்தில் போய்ச் சேர்ந்தான்.

திருவிழாவுக்குக் கிட்ட தலைவருடைய அக்கா எனக்குப் போன் எடுத்தார். நலம் விசாரித்தார், மழையைப் பற்றிப் பேசினார், கடைசியில் இந்த வருஷம் சுற்றுவதற்கு வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று சொல்லிப் போனை வைத்தேன். புஷ்பத்திடம் இதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அவள் பஸ் ஏறியிருக்க மாட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலையில் மூடுபனி. பக்கத்தில் நிற்கிற ஆள் முகம் தெரியும், அதற்கு அடுத்த ஆள் நிழலாகத்தான் தெரிவார். புதுசு ஒன்றும் இல்லை, அந்தக் கோயிலில் வெயில் அடித்து நான் பார்த்ததே குறைவு. என்னைப் பூத்தட்டு எடுக்கப் பெண்கள் வரிசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் திரும்பி வருவதற்குள் புஷ்பம் சுற்றி முடித்திருந்தாள். சுருட்டைச் சாமி முன்னால் வாழையிலையில் வைத்தாயிற்று. பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, நான் சுற்றின மாதிரி நின்றேன்.

பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மேலிலையின் நுனி மெல்லக் கிளம்பியது. முதலில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைத்தேன். பிறகு மடிப்பு முழுவதும் வழுக்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிலை சுருண்டு விலகி, உள்ளிலை வாழையிலையில் சரிந்தது. உடுக்கு அடித்தவர் நிறுத்திவிட்டார்.

தலைவருடைய அக்கா மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நிசப்தத்தில் எல்லாருக்கும் கேட்டது.

"தாலி அறுத்த கை பட்டா சாமி ஏத்துக்குமா? நான் அன்னைக்கே சொன்னேன்."

என் உச்சந்தலைக்குக் கோபம் ஏறிவிட்டது. பதிலுக்கு நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், புஷ்பத்துக்கு அன்றோடு கதை முடிந்திருக்கும். ஒரு பக்கம் நான் கத்த, மறு பக்கம் அவர்கள் கத்த, நடுவில் அவள் நின்றுகொண்டிருப்பாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவளுடைய கண்ணில் தண்ணீர்கூட இல்லை, அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"விடுங்கக்கா. எனக்கும் அப்பிடித்தான் தோணுது. என் கை கெட்டுப்போச்சு."

பாருங்கள் பிள்ளைகளே, ஊர் சொன்னதை நான் சமாளித்திருப்பேன். அவளே நம்பிவிட்டாளே, அதை எப்படிச் சமாளிப்பது? அவள் அந்தப் படியை இறங்கிவிட்டால் கோயில் சுருட்டோடு நிற்காது. செய்தி அவளுக்கு முன்னால் பஸ் பிடித்து அலுவிகாரைக்கு வந்துவிடும். பிறகு எந்த வேலைக்கும் அவளை முன்னால் உட்காரவைக்க மாட்டார்கள். அவளும் பின்னாலேயே உட்கார்ந்துகொள்வாள். அந்த மாதிரி ஒரு கையைத் தொழில் இழப்பது ஒரு பக்கம். எனக்கு அவளை இழக்க மனசு இல்லை, அதுதான் உண்மை.

அவளை அன்னதானத்துக்குச் சமைக்கிற கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அடுப்பு ஓரமாக ஒரு கல்லில் உட்காரவைத்து, காலையில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். இலை எப்போதும் போலத்தான் இருந்தது. சுற்றும்போது முறுக்கு விழவில்லை. பசை எப்படி இருந்தது என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

"கொஞ்சம் பிசுபிசுப்பாத்தான் இருந்துச்சுக்கா. கேட்டா என்னா நெனைப்பாங்களோன்னு கேக்கல."

இதைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அவள் அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அந்த வருஷம் கேட்க வாய் வரவில்லை, நாக்கில் வைத்துப் பார்க்கவும் துணியவில்லை. பயந்து வேலை செய்கிறவளுக்கு விரல் சொல்வது கேட்கும், வாய்தான் அடைத்துப் போகும். உங்கள் கூட்டத்தில் யாராவது திடீரென்று கேள்வி கேட்பதை நிறுத்தினால், வேலை கற்றுக்கொண்டுவிட்டாள் என்று சந்தோஷப்படாதீர்கள். என்ன நடந்தது என்று போய்ப் பாருங்கள்.

மீதிப் பசை இருந்த கிண்ணத்தை யாரோ அடுப்புத் திட்டின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். விளிம்பில் எறும்பு வரிசை கட்டி நின்றது. சோற்றுப் பசைக்கு எறும்பு வரும், ஆனால் இப்படிக் கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்த மாதிரி வராது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு. நல்ல கித்துள் மரத்துக் கருப்பட்டி, ஏலக்காய்கூட இருந்தது.

விசாரித்ததில் விஷயம் வந்தது. தலைவருடைய மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. அந்த வருஷம்தான் பிறந்தது. அந்தச் சந்தோஷத்தில், எப்போதும் வைக்கிற உப்பில்லாத வெள்ளைப் பொங்கலுக்குப் பதிலாக முதல் பொங்கலையே சர்க்கரைப் பொங்கலாக வைத்துவிட்டார்கள். அக்காதான் தன் கையால் கிண்டியிருக்கிறார். வழக்கப்படி அதில் ஒரு பிடி எடுத்து அரைத்தாயிற்று. கருப்பட்டிக்கும் உப்பின் குணம்தான். மூடுபனியைக் கண்டால் வியர்த்துக் கொட்டும். வெயில் அடிக்கிற ஊராக இருந்திருந்தால் அது ஒருவேளை ஒட்டிக்கூட இருக்கும். அந்த மலையில் எந்தக் கை சுற்றினாலும் அது நிற்காது.

ஒரு வருஷத்துக்குள் மாறியது இரண்டு விஷயம். புஷ்பத்தின் நெற்றி மாறியது, கிண்ணத்தில் இருந்த பசை மாறியது. நெற்றி எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கிண்ணத்தை வாழையிலை மூடியிருந்தது.

காரணம் கிடைத்துவிட்டது, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். என் வயசு கொஞ்சம் குறைவாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். யோசித்துப் பாருங்கள். பேரப் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஒரு குடும்பம் சாமிக்கு வைத்த பொங்கல் அது. அதுதான் கெடுத்தது என்று சபையில் சொன்னால் யார் ஏற்றுக்கொள்வார்கள்? பிரசாதத்தைப் பழித்த பாவம் எனக்கு, கூட ஒரு பழி புஷ்பத்துக்கு. வாயால் சொன்னால் அது என் பேச்சு, அவர்கள் பேச்சு என்று ஆகிவிடும். கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். உச்சிப் பூசைக்கு அதிக நேரமும் இல்லை.

பூசாரியிடம் போனேன். மற்ற நாளில் அவர் கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை பார்க்கிறவர். நிதானமான மனுஷன். சாமிக்கு எந்தச் சுருட்டு வேண்டும் என்று சாமியிடமே கேட்போம் என்றேன். பூக்கட்டிப் பார்ப்பது அந்தக் கோயிலில் புதுசு இல்லை. கல்யாணப் பேச்சுக்கே இரண்டு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போடுகிறவர்கள்தானே. அதே மாதிரி இரண்டு சுருட்டு. மீதியிருக்கும் பசை ஒன்றுக்குத்தான் வரும், அதை வைத்து ஒன்றை நான் சுற்றுகிறேன், பொட்டும் தாலியும் உள்ள கை. மற்றதுக்குப் புதுப் பசை எடுத்துப் புஷ்பம் சுற்றட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

இதை நான் ஒளித்துச் செய்யவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, எந்தக் கைக்கு எந்தப் பசை என்று சொன்னேன். தலைவருடைய அக்கா உடனே சம்மதித்தார். அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், கிண்ணங்களைப் பார்க்கவில்லை. பூசாரி மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செய்யுங்கள் என்று தலையாட்டினார்.

இலை பிரச்சினை இல்லை. எந்தப் பெரிய வேலைக்கும் தேவைக்கு மேலே இலை கொண்டுபோகிற பழக்கம் எனக்கு உண்டு. அன்னதானச் சோறு அப்போதுதான் வடிக்கத் தயாராக இருந்தது. சமைக்கிறவரிடம் உப்புப் போட்டாயிற்றா என்று கேட்டேன். இல்லை என்றார். இருந்தும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். குழைந்த சோறாக ஒரு அகப்பை எடுத்து, அம்மியில் மை போல அரைத்து, என் சேலைத் தலைப்பின் சுத்தமான பக்கத்தில் இறுக்கிப் பிழிந்தேன். தண்ணீர் ஒரு துளி சேர்க்கவில்லை. மூடுபனிக்குக் கெட்டிப் பசைதான் சரி, அதையும் கொஞ்சமாகத்தான் தடவ வேண்டும். பூசாரி அதில் ஒரு சிட்டிகை திருநீற்றைத் தூவி, சாமி காலடியில் காட்டிக் கொடுத்தார். இனி அது வீட்டுப் பசை இல்லை.

எல்லாம் தயார், புஷ்பம் மட்டும் தயார் இல்லை. கல்லைவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். திரும்பவும் அவிழ்ந்தால் தன்னால் தாங்க முடியாது என்றாள். பசையில்தான் குற்றம் என்று அவளிடம் மட்டும் சொன்னேன். நீங்கள் எனக்காகச் சொல்கிறீர்கள் என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்க பாரு, நீ சுத்து. அவுந்துச்சுன்னா நாளையிலேருந்து நானும் பலகையில ஒக்கார மாட்டேன். சாமி முன்னாடி சொல்றேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சும்மா சத்தியம் பண்ணுகிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எழுந்து கையைக் கழுவினாள்.

இரண்டு பேரும் சாமி முன்னால் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். சுற்றிலும் சனம். நான் என்னால் முடிந்த அளவு ஒழுங்காகத்தான் சுற்றினேன், ஏமாற்று வேலை இல்லை. கருப்பட்டிப் பசை முதலில் நன்றாகவே பிடித்தது, அதுதான் அதனுடைய தந்திரம். பக்கத்தில் புஷ்பம் முதலில் இலையை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள். உள்ளிலையைச் சேர்த்துப் பிடித்து ஒரு சுற்றுப் போனதும் அந்தத் தயக்கம் விட்டுப் போனது. வேலை கையைப் பிடித்துக்கொண்டது. மேலிலையின் ஓரத்தில் பசையை விரல் நுனியால் ஒற்றி, உடனே மூடாமல் கொஞ்சம் காயவிட்டு, நூல் இழுக்கிற பதம் வந்ததும் மூடினாள். அதைப் பார்த்தபோது எனக்குப் பயம் போய்விட்டது.

இரண்டையும் வாழையிலையில் வைத்துவிட்டு விலகி நின்றோம். மூடுபனி எங்கள்மேலும் சுருட்டுமேலும் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பையன் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் பார்த்தான், பூசாரி ஒரு பார்வை பார்த்தார், கை இறங்கிவிட்டது.

என்னுடையது முதலில் வியர்த்தது. மடிப்பு ஓரத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு துளி திரண்டு, வழிந்து, வாழையிலையில் சொட்டியது. பிறகு நுனி எழும்பியது. பிறகு மேலிலை முழுவதும், காலையில் போலவே, வழுக்கிச் சரிந்தது. பொட்டும் தாலியும் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

புஷ்பம் சுற்றியது அசையவே இல்லை.

தலைவருடைய அக்கா முன்னால் வந்தார். வாழையிலையில் சொட்டியிருந்த துளியை விரலால் தொட்டார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவர் கிண்டிய பொங்கல் அவருக்குத் தெரியாதா? விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டதுதான் என் வாழ்நாளில் செய்த கெட்டிக்கார வேலை.

உடுக்கு திரும்ப ஒலித்தது. சாமி இறங்கியது. அவிழ்ந்து கிடந்த என் சுருட்டைத் தாண்டிப் பூசாரியின் கை புஷ்பத்தின் சுருட்டை எடுத்தது. பற்றவைத்தார்கள். அந்த ஈரத்திலும் அது சீராகப் பற்றி, ஒரு பக்கம் ஓடாமல், சுற்றிலும் ஒரே அளவாக எரிந்தது. சாம்பல் விரல் நீளத்துக்கு உடையாமல் நின்றது. பிசிறு இல்லாத வேலை அது. எனக்கு அங்கேயே விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

"இத சுத்துன புள்ள எங்க?"

சாமிதான் கேட்டது. புஷ்பம் என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். நான் நகர்ந்துவிட்டேன். வழக்கப்படி முதல் திருநீறு தலைவர் வீட்டுக்குத்தான். அன்றைக்குத் தலைவரே விலகி வழிவிட்டார். சூடு ஆறாத அந்தச் சாம்பலைச் சாமி அவள் நெற்றி நிறையப் பூசியது. அப்போதுதான் அவள் அழுதாள். புருஷன் செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

சாப்பாடு முடிந்த பிறகு தலைவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் சர்க்கரைப் பொங்கலே வையுங்கள், சாமிக்கும் இனிப்பு வேண்டாமா, கருப்பட்டி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி வெறும் சோற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள் என்றேன். ஏன் இதைக் காலையிலேயே எல்லார் முன்னாலும் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். உங்களுக்குப் பேரப் பிள்ளை பிறந்திருக்கிறதே என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை நான் பிட்டுப் பிட்டு வைக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு வேலை கெட்டுப்போனால், அதைச் செய்தவளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கைக்கு என்ன வந்து சேர்ந்தது என்று பாருங்கள். கைராசி என்று ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அந்த வழக்குக்கு நான் வரவில்லை. பசை இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கலாம், நாக்கில் வைத்துப் பார்க்கலாம். பார்க்க முடிந்ததை முதலில் பார்த்துவிட்டு, மற்றதைப் பிறகு பேசுங்கள்.

பின்னேரம் பஸ்ஸுக்காகத் தெருவில் நின்றுகொண்டிருந்தோம். தலைவருடைய அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். அதைப் புஷ்பத்திடம் நீட்டி, மனதில் வைத்துக்கொள்ளாதே தங்கச்சி என்றார். அதைச் சொல்வதும் லேசு இல்லை, பாவம். புஷ்பம் இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த வருசமும் நான்தாங்க வருவேன்" என்றாள். சத்தம் போடவில்லை. கேட்கவும் இல்லை, சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

பஸ் இரத்தோட்டைக்கு இறங்க இறங்க மூடுபனி மேலே தங்கிவிட்டது, கீழே நல்ல வெயில். புஷ்பம் மடியில் வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தாள். சர்க்கரைப் பொங்கல். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விரலை ஒவ்வொன்றாகச் சூப்பினாள். பிறகு எனக்கு ஒரு பிடி எடுத்து நீட்டினாள்.

"அந்தக்காவோட பொங்கல் அருமையா இருக்குதுக்கா, தின்னு பாருங்க" என்றாள். "ஒட்டுறதுக்குத்தான் ஆகாது."

நான் சிரித்த சிரிப்பில் முன் சீட்டில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். நெற்றி நிறையச் சாம்பலோடு அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.